கடல் கூழான வாரம்

1

ஒரு பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுத முடியாமல், அதே பேனாவால் வேறு தாளில் இதை எழுதத் தொடங்கினேன். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான்.

மேசைமேல் எங்கள் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு திறந்திருக்கிறது. நாளை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது. பட்டணத்திலிருந்து பாதிரியார் ஹெலிகாப்டரில் வந்து குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். அவர் வருவதற்குள் பதிவேட்டை நிரப்பி வைப்பது அவர் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்தும் உபதேசியாகிய என் வேலை. பிறந்த தேதி எழுதிவிட்டேன். பெண் என்று எழுதிவிட்டேன். தாய் அமாலியா, தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன், எல்லாம் ஆயிற்று. குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அமாலியா தன் மகளுக்கு யூலுத் என்று பெயர் வைக்கச் சொல்கிறாள். யூலுத் அவளுடைய அண்ணன். இருபத்து நான்கு நாட்களுக்கு முன்பு படகில் அக்கரைத் தீவுக்குக் கிளம்பியவன் அங்கே போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைப்போம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. உயிரோடிருப்பவர் பெயரை மட்டும் வைக்க மாட்டோம். ஆகவே இந்தக் கட்டத்தில் யூலுத் என்று எழுதினால் யூலுத் இறந்துவிட்டான் என்று எழுதியதாகும். அவன் மனைவி நயாரக், அவன் உயிரோடு இருக்கிறான் என்கிறாள்.

எங்கள் ஊரின் ஜனத்தொகை அறுபத்து மூன்று. அல்லது அறுபத்து இரண்டு.

[இதைப் பிந்திச் சொல்வதாகத்தான் இருந்தேன். கதையில் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்து நல்ல இடத்தில் எடுத்துக் காட்டினால் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் ஏழெட்டுப் பக்கம் என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டு வருவது சரியல்ல. யூலுத்தை அக்கரைக்கு அனுப்பியது நான். அல்லது அவன் தானாகவே போவதாக இருந்தான். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.]

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“குளம் உறைவது ஒரு மாதிரி, கடல் உறைவது வேறு மாதிரி. குளம் சத்தமில்லாமல் மேலே ஒரு மூடி போட்டுக்கொள்ளும். எங்கள் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவில் காற்றும் நீரோட்டமும் மூடி போட விடுவதில்லை. தண்ணீர், உறைய வேண்டிய குளிரைத் தாண்டியும் தண்ணீராகவே புரண்டுகொண்டிருக்கும். பிறகு ஒரு நொடியில், அலைக்குள்ளும் அலைக்கு அடியிலும் எல்லா இடத்திலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வட்டப் பனிச்செதில்கள் தோன்றும். அலை அவற்றை மேலே ஒன்றுசேர விடாமல் கலக்கிக்கொண்டே இருக்கும். அவை கோடிக்கணக்கில் பெருகி மேலே வந்து கூழாகக் கிடக்கும். கூழ் கனத்ததும் அலை அடங்கும். கடல் பளபளப்பு இழந்து, ஆறிப்போன கொழுப்பைப்போல”

இங்கே நிறுத்தினேன். நல்ல தொடக்கம்தான். தவறும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறேன். ஆனால் இதில் ஆள் ஒருவரும் இல்லை. அதனால்தான் தடையில்லாமல் வந்தது.

இரண்டாவது தொடக்கம்: “யூலுத்தைப்போன்ற வேட்டைக்காரன் இந்தக் கரையில் இருந்ததில்லை.”

பொய். அவன் சுமாரான வேட்டைக்காரன். மீன் பதனிடும் கொட்டகையில் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் மூச்சுவிட வந்த சீல் விலங்கு ஒன்றைப் பார்த்துத் தும்மிவிட்டதாக அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். காணாமல் போனவர்களை நாம் கொஞ்சம் உயரமாக்கிவிடுகிறோம். அவனுடைய நாய்கள்கூடக் கொழுத்தவை. “ஓடச் சொன்னா என்னையே ஓடச் சொல்லுதுங்க” என்பான்.

மூன்றாவது தொடக்கம்: “நான் அவனிடம் அதைக் கேட்டிருக்கா”

அந்த வரி அப்படியே இருக்கட்டும். அடிக்கவில்லை.

3

அன்று செவ்வாய்க்கிழமை. சூரியன் குளிர்காலம் முழுவதுக்குமாக எங்களிடம் விடைபெற்று ஐந்து நாள் ஆகியிருந்தது. நண்பகலில் தெற்கே ஒரு செம்மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. நான்கு நாள் அடித்த காற்று முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. கரையோரமெல்லாம் கூழ்.

கூழ் வந்த வாரம் எங்கள் ஊரில் யாரும் எங்கும் போவதில்லை. படகுக்கு அது தண்ணீர் இல்லை. நாய்வண்டிக்கு அது தரை இல்லை. படகுகளை இழுத்துக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, காப்பி குடித்துக்கொண்டு, கடல் ஏதாவது ஒன்றாக ஆகட்டும் என்று காத்திருப்போம். எல்லோருடைய படகும் மேலே இருந்தது. யூலுத்தின் படகு மட்டும் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதற்குள் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான்.

“என்ன யூலுத், எல்லாரும் ஏத்திட்டாங்க. உன்னோடது மட்டும் தண்ணியில கெடக்கு?”

“அது நீச்சல் கத்துக்குதாம் உபதேசியம்மா. வாடான்னா வர மாட்டேங்குது.”

“சோம்பேறிக்குப் பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல.”

“நீங்க பழக்கினதுதானே. ஞாயித்துக்கிழமை ஒண்ணே கால் மணி நேரம் அசையாம உக்கார வெச்சா வேற என்ன வரும்?”

நான் சிரித்தேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கடலும் அடங்கிடுச்சே. நாலு நாளா என்ன ஆட்டம் ஆடுச்சு” என்றேன்.

அவன் கையிலிருந்த கயிற்றைச் சுற்றி வைத்தான்.

(ஓரக்குறிப்பு: அடங்கிய கடல். இந்த ஒரு சொல்லுக்காகவே என்னை யாராவது அடித்திருக்கலாம். நான் பிறந்தது தெற்கே, கடல் உறையாத ஊரில். அங்கே கடல் அடங்கினால் நல்ல நாள். இங்கே இந்த மாதத்தில் கடல் அடங்கினால் கூழ் கனக்கிறது என்று அர்த்தம். இருபத்து இரண்டு வருடம் இங்கே இருந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கையில் ஒரு பொட்டலம் இருந்தது, அது போய்ச் சேர வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆசை இருந்தபோது பிறந்த ஊரின் கண் முந்திக்கொண்டது. அவனும் திருத்தவில்லை. உபதேசியைத் திருத்துவது மரியாதை இல்லை.)

“அக்கரைக்குப் போற வேலை ஏதாவது இருக்காப்பா?”

“ஏன்?”

“தொர்த்தேயா கிழவிக்கு மூக்குக்கண்ணாடி வந்திருக்கு. தபால்ல தப்பா நம்ம ஊர்ல எறக்கிட்டாங்க. பழசு ஒடைஞ்சு ஒரு மாசமாச்சாம். பாட்டுப் புத்தகத்தத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் பாடுதாம்.”

“அந்தக் கிழவி நேராப் பிடிச்சாலும் தப்பாத்தானே பாடும்.”

இங்கே ஓர் இடைவெளி வருகிறது. அதன் பிறகு அவன் சொன்னான்:

“நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன். குடுங்க.”

இந்த இடைவெளிதான் என் சிக்கல். முதல் பிரதியில் இடைவெளியே இல்லை. கிழவியைப் பற்றிச் சொல்லிய வாயோடு “குடுங்க” என்றும் சொல்லிவிடுகிறான். அப்படியானால் அவன் போவதாகத்தான் இருந்தான், அதனால்தான் படகும் கீழே இருந்தது. இரண்டாம் பிரதியில் அவன் கடலைப் பார்க்கிறான், ஒரு மூச்சு விடும் நேரம். மூன்றாம் பிரதியில் அவன் கடலைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்க்கிறான். பிறகு என் முகத்தை. அப்படியானால் அவனுக்கு அக்கரையில் வேலை எதுவும் இல்லை. என் மனம் நோகக் கூடாது என்று அந்த நிமிடத்தில் ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டான்.

மூன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றும் நடந்ததுபோலவே இருக்கிறது.

நான் என் வாழ்நாளெல்லாம் ஒன்றையே பிரசங்கித்திருக்கிறேன். பெரிய காரியங்களைத் தேவன் பார்த்துக்கொள்வார், நமக்குக் கொடுத்திருப்பது சின்ன உதவிகள். ஒரு கோப்பை காப்பி, ஒரு துண்டு மீன், போகிற வழியில் ஒரு பொட்டலம். இந்தச் சின்ன உதவிகளால்தான் இருட்டுக் காலத்தைக் கடக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பியே சொன்னேன். இப்போதும் நம்ப விரும்புகிறேன்.

4

புதன்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினான். பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவரும் போகாதே என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவனிடம் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், உனக்குக் கண் இல்லை என்று சொன்னதாகும். சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. அந்த நான்கு பேரும் இப்போது கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

கூழ் அப்போது கரையை ஒட்டி மட்டும்தான் இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் கறுப்புத் தண்ணீர், முக்கால் மணி நேரப் பயணம். அவன் துடுப்புப் போட்டுக் கூழைக் கடந்து, பிறகு மோட்டாரைக் கிளப்பினான். சத்தம் கேட்டது. பிறகு காற்று திரும்பி, கூழை நடுக்கடலுக்கும் தள்ளிக்கொண்டுபோனது.

மோட்டார் சூடாகாமல் இருக்கக் கடல்நீரை உறிஞ்சிக்கொண்டே ஓட வேண்டும். கூழை உறிஞ்சினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நிறுத்தி, மூடியைத் திறந்து, விரலால் நோண்டி எடுக்க வேண்டும். ஒரு தடவை, இரண்டு தடவை செய்யலாம். பத்துத் தடவை செய்தால் விரல் சொன்னபடி கேட்காது.

[இந்தப் பத்தியை நான்கு முறை எழுதினேன். ஒருமுறை அவனுடைய விரல்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டேன். நான் அங்கே இல்லை. அவன் விரல்கள் என் பிரசங்கத்துக்கு உதாரணம் இல்லை.]

மூன்று நாள் தேடினார்கள். ஹெலிகாப்டர் இரண்டு முறை வந்தது. படகில் போனவர்கள் கூழுக்குள் அரை மணி நேரம் போராடிவிட்டுத் திரும்பினார்கள். நாலாம் நாள் கூழ் தட்டுகளாகத் திரண்டது. ஒன்றோடொன்று மோதி மோதி ஓரம் மடிந்த வட்டத் தட்டுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டு. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கரைக்கு ஓடுவார்கள். இந்த வருடம் யாரும் ஓடவில்லை. ஆறாம் நாள் தட்டுகள் ஒட்டிக்கொண்டன. ஆண்கள் இரும்பு முனைக் கழியால் குத்திக் குத்திப் பார்த்து நடந்து போனார்கள்.

வேட்டைக்காரர்கள் தங்கும் குடிசை இருக்கிற முனைப் பாறைக்குப் பக்கத்தில் படகு பனியில் இறுகி நின்றது. மோட்டாரின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. இரண்டு துடுப்புகளில் ஒன்றைக் காணவில்லை. ஃப்ளாஸ்க்கைக் காணவில்லை. பொட்டலத்தை யாரும் தேடவில்லை. அப்படி ஒன்று இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நயாரக்கின் வீட்டுக்குச் சூப் கொண்டுபோனேன். அவள் வாசல் அறையில் பூட்ஸைக் கழற்றும்போது தலையில் ஏதோ தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். நாய்களை வண்டியில் பூட்டும் வார்கள். புத்தம் புதியவை, எட்டு நாய்க்கும் சேர்த்து, முடிச்சுகூட அவிழ்க்காமல் தொங்கின.

(இந்த வார்களை ஏன் இங்கே சொன்னேன் என்பது பிறகு தெரியும். நான் நல்ல கதைக்காரியாக இருந்தால் நீங்கள் கவனிக்காதபடி சொல்லியிருப்பேன்.)

5

நயாரக்கைக் கதையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதால் எழுதிவிடலாம். அவள் அழுவதில்லை. கதவைத் தாழிடாமல் தூங்குகிறாள், இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறாள், ஒன்றில்தான் ஊற்றுகிறாள். இதை எழுதினால் நானே சோடித்ததுபோல இருக்கிறது. ஆனாலும் இப்படித்தான் செய்கிறாள்.

அமாலியாவை எழுதுவது எளிது. அவள் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவாள். பட்டணத்து மருத்துவமனையில் பிள்ளை பெற்று, ஹெலிகாப்டரில் வந்து இறங்கியதுமே சொன்னாள்: “எங்க அண்ணனக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

எங்கள் ஊரில் இது வாய்ப்பேச்சு இல்லை. கடைக்காரர் ஈசாக்கின் தகப்பனார் பெயரை ஓர் ஐந்து வயதுச் சிறுமிக்கு வைத்திருக்கிறது. ஈசாக் அவளை “அப்பா” என்றுதான் கூப்பிடுவார். “அப்பா, இன்னிக்கு மிட்டாய் போதும்ப்பா, பல்லு வலிக்கும்” என்று கெஞ்சுவார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நான் உனக்கு எத்தன வாங்கிக் குடுத்திருப்பேன்?” என்பாள். ஈசாக் இன்னொன்று எடுத்துத் தருவார். நான் முதலில் இந்த ஊருக்கு வந்தபோது, வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். இறந்தவரைக் குழந்தையாக மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு ஜனத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தேவன் கோபத்தோடு பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜன்னல்களில் மாட்டும் காகித நட்சத்திரங்களை ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆலயமும் பள்ளிக்கூடமும் எங்களுக்கு ஒரே அறைதான். அமாலியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பசையோடு சொன்னாள்:

“அண்ணி, அவன வெளிய நிறுத்தி வெச்சிருக்கீங்க. குளிர்ல நிக்கிறான். உள்ள வர விடுங்க.”

“அவருக்கு வீடு இருக்கு. கதவு தொறந்துதான் இருக்கு. வர்றப்ப வருவாரு.”

“எங்கேருந்து? சொல்லுங்க அண்ணி, எங்கேருந்து வருவான்?”

“ஒரு துடுப்பக் காணோம். ஃப்ளாஸ்க்கக் காணோம். படகுலேருந்து பாறைக்கு எத்தன அடி? ஃப்ளாஸ்க் தானா எறங்கி நடந்து போச்சா?”

“பாறைக் குடிசையப் பாத்துட்டு வந்தாங்களே. அடுப்பு சில்லுன்னு கெடந்துச்சு.”

“ஒலகத்துல அது ஒரு குடிசைதானா?”

“அண்ணி, அவன் போயி மூணு வாரம் ஆகப்போகுது. பேரு இல்லாம இது ராப்பகலா அழுவுது. அவன்தான் அழுவுறான். எனக்குத் தெரியுது. நான் அவனப் பெத்து மடியில வெச்சிருக்கேன்.”

“நீ பெத்தது உன் பொண்ண. என் புருஷனப் பெக்கல.”

நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பசை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தார்கள். நான் நட்சத்திரத்தின் இன்னொரு முனைக்குப் பசை தடவினேன். குழந்தை உதைத்ததில் போர்வை விலகி ஒரு கால் வெளியே வந்தது. நயாரக் எழுந்து போகிற போக்கில், குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே, அந்தக் காலைப் போர்வைக்குள் தள்ளி மூடிவிட்டுப் போனாள்.

6

ஆகவே முடிவு ஒன்று வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. கூழ் மேலே மட்டும் இருப்பதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அலை அந்தக் குளிர்ந்த தண்ணீரை அடிவரை கொண்டுபோய்க் கலக்கும். செதில்கள் அடித்தரையில் கல்லோடும் பாசியோடும் ஒட்டி வளர்ந்து, முட்டைக்கோசு மாதிரி வெள்ளையாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். பெருத்ததும் பிடி விட்டு மேலே எழும்பும், ஒட்டியிருந்ததையும் தூக்கிக்கொண்டு. கல் வந்திருக்கிறது. ஒரு வருடம் யாரோ தொலைத்த கெட்டில் வந்தது. ஆகவே: ஒரு நாள் கரையோரப் பனியில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. நான் குனிந்து சுரண்டுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கூடு. திறந்தால் கண்ணாடி உடையாமல் இருக்கிறது.

அழகான முடிவு. நடக்கக்கூடியதும்தான். ஆனால் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லும் பாசியும் வந்தன. கண்ணாடி வந்தால் மட்டும் என்ன? அவன் எதற்காகப் போனான் என்று அது சொல்லாது.

இரண்டாம் முடிவு. ஞானஸ்நானத்தின் நடுவில் கதவு திறக்கிறது. தாடியில் பனியோடு யூலுத் நிற்கிறான். “என் பேர யாருக்கோ குடுத்துட்டீங்களாமே?” என்கிறான். இதை எழுதும்போது அவன் குரல் அப்படியே கேட்டது. பேனாவை வைத்துவிட்டேன். இந்த முடிவுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். ஜெபிப்பதைக் கதையில் எழுதிவிட்டால் ஜெபத்தை நானே முடித்துவைத்ததுபோல ஆகும். ஆகையால் எழுதவில்லை.

மூன்றாம் முடிவு. உபதேசி பேனாவை எடுத்துப் பெயரை எழுதிவிடுகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். எல்லோருக்கும் ஆறுதல். இதுபோன்ற கதைகளை நான் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். அவற்றிலெல்லாம் பேனா பிடித்தவள் குற்றவாளியாக இருந்ததில்லை. அவனை அனுப்பியவளே அவன் இறந்தான் என்றும் எழுதுவதா?

7

இதுவரை காலையில் எழுதினேன். இனி எழுதப்போவது இன்று நண்பகலில் நடந்தது. கதையை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. நயாரக்.

பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். காப்பி ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை. மேசையைப் பார்த்தாள். பதிவேடு, இந்தத் தாள்கள், அவற்றின்மேல் பறக்காமல் இருக்க நான் வைத்திருந்த சிறிய பொட்டலம். அதன்மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். அந்தப் பொட்டலம் நேற்று ஹெலிகாப்டரில் வந்தது. முதலில் அனுப்பியது வந்து சேரவில்லை என்று அக்கரைக்காரர்கள் எழுதிப்போட, கண்ணாடிக் கடைக்காரர்கள் இன்னொன்று அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் எங்கள் ஊருக்கே.

“தொர்த்தேயா கிழவிக்கு இன்னொண்ணா?” என்றாள்.

இன்னொண்ணு என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

“நான்தான் நயாரக். நான்தான் குடுத்தேன் அவன்கிட்ட. நான் கேக்காம இருந்திருந்தா”

“தெரியும். சாப்பிடறப்ப சொன்னாரு. போற வழியில கிழவிக்குக் கண்ணாடி குடுக்கணும்னு. போட்டுக்கிட்டுக்கூடக் காட்டினாரு. அசல் கிழவியாட்டமே தப்பாப் பாடினாரு.”

அவள் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

“போற வழியிலயா?” என்றேன்.

“ஆமா. அக்கரையில எங்க அண்ணன்கிட்ட நாய் வார் வாங்கப் போனாரு. நம்மகிட்ட இருந்ததெல்லாம் அறுந்துபோச்சு. எப்படியும் போயிருப்பாரு உபதேசியம்மா. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையில் தட்டிய வார்கள் ஞாபகம் வந்தன. எட்டும் புதியவை, முடிச்சு அவிழ்க்காதவை.

(ஓரக்குறிப்பு: ஆறாம் நாளுக்குப் பிறகு அவளுடைய அண்ணன் அந்த வார்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். பனி அப்போது ஆளைத் தாங்கியது. நான் சூப் கொண்டுபோனது அதற்கு முன்பா பின்பா என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணனைக் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். கேட்கப்போவதில்லை. அவள் சொன்னது உண்மையானால் கேட்பது அவளுக்கு அவமரியாதை. அது பொய்யானால், இருபத்து நான்கு நாள் தனியாக உட்கார்ந்திருந்தவள் எனக்காகத் தேடி எடுத்துக்கொண்டு வந்த பொருள் அது. அதைத் தட்டிவிட எனக்கு உரிமை இல்லை.)

“நாளைக்குப் பாதிரியார் வர்றாரு இல்ல?” என்றாள்.

“ஆமா.”

“பேர எழுதுங்க. பிள்ள அழுவுது. அமாலியா தூங்கி எத்தன நாளாச்சோ, மூஞ்சியே சரியில்ல.” அவள் பதிவேட்டின் வெள்ளைக் கட்டத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். “ஆனா மையில வேணாம். பென்சில்ல எழுதுங்க.”

பதிவேட்டில் பென்சிலால் எழுதக் கூடாது. முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. “சரி” என்றேன்.

“அவரு வந்துட்டா அழிச்சிரலாம்.”

“அழிச்சிரலாம்.”

“அழிக்கிறப்ப கிழியாம அழிக்கணும்.”

“கிழியாது. மெதுவாத்தான் எழுதுவேன்.”

பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சீவினேன். அவள் எதிரிலேயே எழுதினேன். யூலுத். சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லிசாக. பாதிரியார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கதைக்கு முடிவு இதுதான் என்று நினைத்தேன். பதிவேட்டை மூடவும் போனேன்.

அப்போது அவள் தாள்களின் மேலிருந்த பொட்டலத்தைச் சுட்டிக்காட்டினாள்.

“இத யாரு கொண்டுபோறாங்க?”

“யாரையும் கேக்கல” என்றேன். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “இனிமே யாரையும் கேக்கிறதா இல்ல.”

“கிழவி தலைகீழாப் பாடுமே.”

“பாடட்டும்.”

வெளியே பனி இப்போது ஒன்றரை அடி கனம். ஒரு வாரமாக நாய்வண்டிகள் போய்வருகின்றன. முனைப் பாறைக்குப் பக்கத்தில் மட்டும் நீரோட்டம் ஒரு பட்டையை உறைய விடாமல் கலக்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவர்களுக்குப் பயமில்லை என்கிறார்கள்.

பாடட்டும் என்று நான் சொன்னதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். சொல்வதற்கு முன்பு அவள் உடனே பேசினாளா, ஜன்னல் வழியே பனியைப் பார்த்தாளா, என் முகத்தைப் பார்த்தாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. ஓர் இடைவெளியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தவள் நான். நான்காவது ஒன்றை எழுத என்னால் ஆகாது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களிடம் பென்சில் இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அதை ஒருவர் ஏற்கெனவே செய்துவிட்டார், அல்லது உண்மையைச் சொல்லிவிட்டார்.

[                                        ]

“நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன். குடுங்க.”

ஞானஸ்நானத்துக்கு முன்பா பின்பா என்று நான் கேட்கவில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். பொட்டலம் என் மடியில் இருக்கிறது.